அண்ணாச்சி சீவிய கழுத்து

பத்து வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அண்ணாச்சி இருக்கும்வரை அதை அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இனி அவர் சொல்லப்போவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவன் ஜோசப், நம் மெல்லிசைக் குழுவில் டிரம் வாசித்த அதே ஜோசப். நரிக்குடி யூனியன் ஆபீசில் கிணறு ஆழப்படுத்தும் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே, “ஏலே, அண்ணாச்சி போயிட்டாக” என்றான்.

பேனாவை மூடினேன். “எப்ப எடுக்கிறாக?”

“சாயந்தரம். மவன் வரணும்ல. நீ வாரியா, இல்ல இன்னமும் அந்த வீறாப்புத்தானா?”

போனேன். அருப்புக்கோட்டையில் அந்த வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ‘ஒருத்தர் மனசு நோக ஒரு சொல் சொன்னவுக இல்ல’ என்று யாரோ சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் அதையே திரும்பச் சொன்னார். ஜோசப் என் முகத்தைப் பார்த்தான். நான் பந்தல் காலைப் பார்த்தேன். எல்லாம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் அவன் கேட்டான்: “பதினாறாம் நாளைக்கு ஒரு நினைவு மலர் போடுறோம். குழுவுல இருந்த அத்தனை பேரும் எழுதணும். நீயும் நல்லதா எழுது.”

“நடந்ததை எழுதுறேன்.”

“அதைத்தான் நல்லதா எழுதுன்னு சொல்றேன்.”

அருப்புக்கோட்டையில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டி அண்ணாச்சியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தராசோடு இருந்த நேரத்தைவிடக் கிடாரோடு இருந்த நேரம் அதிகம் என்பது அவருடைய தகப்பனாருக்குக் கடைசிவரை தீராத குறை. கடைக்குப் பின்னால் இருந்த சரக்குக் கிட்டங்கியில்தான் நமக்கு ஒத்திகை. சுற்றிலும் மிளகாய் வத்தல் மூடைகள். பாடுகிறவர்கள் முதல் நாளே இருமிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு மேடைதான் ஒத்திகை. வாசிக்கிற நாம் தும்மிக்கொண்டே பழகினோம். ஜோசப் தன் தும்மலைச் சரியாகத் தாளத்தில் விழ வைப்பான். “வத்தலுக்கு நடுவுல நின்ன சுருதி எந்தப் பந்தல்லயும் நிக்கும்” என்பார் அண்ணாச்சி. அது உண்மை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மைதான். அதனால்தான் எனக்கு இத்தனை வருடம் பேச இடமில்லாமல் போயிற்று.

நான் சேர்ந்தபோது குழுவில், கீழ் ஸ்தாயிக்கென்று நான்கு கம்பிகள் மட்டும் உள்ள பேஸ் கிடார் ஒன்று இருந்தது. மதுரையில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஒருவர் ஏதோ படத்தைப் பார்த்து வேங்கை மரத்தில் செய்து கொடுத்தது. கிடாரின் உடம்பையும் தலையையும் இணைக்கிற நீளக் கட்டையைக் கழுத்து என்போம். அண்ணாச்சிக்கு அது ‘நெக்கு’. வாசிக்கிறவனின் இடது கை முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது. சாதாரணக் கிடாரைவிடப் பேஸ் கிடாருக்குக் கழுத்து நீளம், கம்பிகள் தடிமன், அவை இழுக்கிற இழுப்பும் அதிகம். அந்த மதுரைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தைக் கனமாகவே விட்டிருந்தார். பெருவிரலையும் நடுவிரலையும் சுற்றிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு விரல் நுழையும். ஜோசப் அதற்கு வைத்த பெயர் உலக்கை. முதல் மூன்று மாதம் என் பெருவிரல் அடியில் வீக்கம் வற்றவில்லை. அதன் பிறகு கை அந்தத் தடிமனுக்கு ஏற்ப விரிந்துகொண்டது. பின்பு கண்ணை மூடிக்கொண்டே எந்தச் சுரத்திலும் போய் நிற்க முடிந்தது.

ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் அண்ணாச்சி மைக்கைக் கையில் எடுத்து வாசித்தவர்களின் பெயரைச் சொல்வார். டிரம், தபேலா, ஆர்மோனியம், புல்லாங்குழல். ஒவ்வொருவரும் எழுந்து கும்பிடுவார்கள், கைதட்டு விழும். பேஸ் வாசிக்கிறவனின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். முதல் கச்சேரியில் நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் ‘நன்றி வணக்கம்’ என்றுவிட்டார். அப்படியே கம்பியைத் துடைப்பது போல உட்கார்ந்தேன். மறுவாரம் கேட்டேவிட்டேன்.

“பேஸு இருக்கிறது தெரியக் கூடாது ஆபீசரே. இல்லாமப் போனாத்தான் தெரியணும்” என்றார்.

யூனியன் ஆபீசில் வெறும் குமாஸ்தாவான என்னை அவர் ஆபீசர் என்றுதான் கூப்பிடுவார். பட்டம் வாங்கியவன் என்பதால் வந்த கேலி. “பேரு சொன்னா ஒனக்குக் கும்பிடத் தெரியாது, கையெழுத்துப் போட்டுருவ. அதான் சொல்லல” என்று ஜோசப் சேர்த்துக்கொண்டான். நானும் சிரித்தேன். அதை ஒரு தத்துவம் என்று ஏற்றுக்கொண்டு ஐந்து வருடம் பெயரில்லாமல் வாசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீரசோழன் ஊர்க் காதர் பாய் நீளமான பெட்டி ஒன்றோடு கிட்டங்கிக்கு வந்தார். பினாங்கில் கடை வைத்திருந்தவர். மருமகனுக்காக அங்கிருந்து கொண்டுவந்த பேஸ் கிடாரை அண்ணாச்சிக்குக் காட்ட வந்திருந்தார். விற்பதற்கில்லை. “தொட்டுப் பாருங்க. பாத்துட்டு ஏங்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று கேட்டுக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தார். அந்த நேரம் அண்ணாச்சி கல்கத்தாவில் செய்த இன்னொன்றையும் மதுரைக் குழு ஒன்றிடம் இரவல் வாங்கி வைத்திருந்தார். மூன்றையும் மூடைகளின் மேல் வரிசையாகச் சாய்த்தார். நம் பக்கத்தில் அதற்கு முன்பும் பின்பும் மூன்று பேஸ் கிடார்கள் ஒரே இடத்தில் சேர்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

கல்கத்தாக் கழுத்து அகலம், முதுகு தட்டை. பிடித்தால் விளிம்பு உள்ளங்கையில் ஏறும். அதற்குப் பலகை என்று பெயரானது. பினாங்குக் கழுத்து தலைப்பக்கம் ஒடுங்கி, உடம்பை நெருங்க நெருங்க விரிந்தது. முதுகில் எங்கேயும் மூலை கிடையாது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையைக் கையில் எடுத்தது போல வழுக்கலாக உட்கார்ந்தது. அதற்குப் பெயர் நாடா.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். “கண்ணு ஏமாந்துரும். கைதான் நெசம் சொல்லும். மூணுலயும் ஒரே உருப்படியை வாசிங்க.”

“அண்ணாச்சி, துண்டுல வத்தல்.”

“அழுதுக்கிட்டே வாசிங்க. சோகப் பாட்டுக்கு ஆகும்.”

கண்ணீர் வழிய மூன்றிலும் வாசித்தேன். பலகையில் நான்காவது கம்பியை எட்டவே மணிக்கட்டை முறுக்க வேண்டியிருந்தது. நாடாவில் விரல் எனக்கு முன்னால் ஓடியது. ஓடி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. உலக்கையில் மட்டும் ஓட்டம் மெதுவாக இருந்தாலும் ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் விழுந்தது. கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே சொன்னேன்: “எனக்கு உலக்கைதான்.”

“நாடாவுல எம்புட்டு வேகமாப் போச்சு, கேட்டீகள்ல?”

“போச்சு. எங்க போய் நின்னுச்சுன்னும் கேட்டீகள்ல?”

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. “கை போற எடத்துக்கு நெக்கு வரணும். நெக்குக்காகக் கையை ஒடிச்சுக்கிறவன் வாசிக்கிறவன் இல்ல, சுமக்கிறவன்” என்றார். அவருடைய பேச்சுகளில் இதையும் நீங்கள் மலரில் போடலாம். நாலு பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

காதர் பாய் நாடாவின் தலையில் இருந்த சின்ன மூடியைக் கழற்றிக் காட்டினார். கழுத்தின் உள்ளே நீளவாட்டில் இரும்புக் கம்பி ஒன்று ஓடியது. முறுக்குவதற்குத் தனியாகச் சாவி. நான் பௌதிகம் படித்தவன். “இதுனாலதான் இம்புட்டு மெலிசா இருந்தும் வளையாம நிக்கிது. உலக்கைக்கு உள்ள ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. அதோட கனம்தான் அதுக்கு இரும்பு” என்றேன். இதை ஜோசப் கேட்டான், காதர் பாய் கேட்டார், அண்ணாச்சி கேட்டார்.

“அது ஈரத்துல வளந்த மரம், அதுக்கு இரும்பு வேணும். இது நம்ம வெயில்ல காஞ்ச வேங்கை. இனி வளையிறதுக்கு அதுல ஈரம் எங்கய்யா இருக்கு?” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. நன்றாகக் காய்ந்தது எதுவானாலும் இனிமேல் கெடாது. வத்தலுக்கு அது சரி.

பிறகு அண்ணாச்சி ரேடியோக் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஈயக் கம்பியை எடுத்தார். ஒவ்வொரு கழுத்தின் முதுகிலும் அதை அழுத்தி வளைத்து, வடிவம் கலையாமல் உருவினார். ஈயம் வளைத்த வளைவில் அப்படியே நின்றது. மூன்று வளைவுகளையும் சுவரில் மூன்று ஆணியில் மாட்டினார். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து அவரே நரிக்குடிக்கு வந்தார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. வெயிலில் பஸ் ஏறி, என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து சொன்னார்: “பஞ்சாலை முதலாளி வீட்டுக் கல்யாணத்துல நம்ம கச்சேரி. பொண்ணு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் மெட்ராஸ்ல இருந்து வாராரு. பாட்டுப் பதிவுக்கு ஆள் சேத்து விடுறவர். அங்க பேஸ் வாசிக்க ஆளில்லாம அல்லாடுறாகளாம். ஒங்களைக் கேக்கத்தான் வாராரு ஆபீசரே. லீவு எழுதி வச்சிருங்க.”

பெய்யாத மழைக்கு அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். அந்த நாற்காலியை விட்டு எழுந்து போக எனக்கு இருந்த ஒரே வழி அந்த நான்கு கம்பிகள். அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரங்களில் பஞ்ச நிவாரணச் சாலை வேலைக்கு என்னைப் போட்டுவிட்டார்கள். ஒத்திகைக்குப் போக முடியவில்லை. கிடாரோ கிட்டங்கியை விட்டு வெளியே போகக் கூடாது. அது குழுவின் சட்டம். வேலைக்கு வந்த மண்வெட்டிகளில் ஒன்றின் காம்பு கிட்டத்தட்ட உலக்கையின் கனம். கருவேல மர நிழலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து விரலை ஓட்டினேன். “சார்வாளுக்கு வெயில் ஏறிருச்சு, மோர் குடுங்க” என்று மண் சுமந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று மத்தியானம் திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகக் கிட்டங்கிக்குப் போனேன். வாசலில் மர வார்னிஷ் வாடை. வத்தல் நெடியையும் மீறிய வாடை. உள்ளே மாடசாமி ஆசாரி உலக்கையை மடியில் கிடத்தி, கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே சாக்கின் மேல் சுருள் சுருளாகச் சீவல். சிவந்த நிறம். வேங்கை.

“என்ன ஆசாரி இது?”

“அண்ணாச்சி சொன்னாக, சீவுனேன். அந்தா ஆணியில தொங்குதுல்ல, அந்த அளவுக்கு.”

நாடாவின் ஈய வளைவு. கிடாரை வாங்கிப் பிடித்தேன். கை நழுவியது. பெருவிரல் தனக்குத் தெரிந்த இடத்தைத் தேடியது. அங்கே மரம் இல்லை. பின்னால் அண்ணாச்சி வந்து நின்றார்.

“எப்படி இருக்கு? பட்டு மாதிரி இல்ல?”

“இத யாரக் கேட்டுச் செஞ்சீக?”

“ஒங்க கைக்காகத்தான்யா. மெட்ராஸ்காரன் முன்னாடி அந்த உலக்கையைக் கட்டிக்கிட்டு மாரடிப்பீகளா?”

“இதுக்கு உள்ள இரும்பு இல்லன்னு அன்னைக்கே சொன்னேன். கம்பி இழுக்கிற இழுப்புக்கு இது முன்னால வளையும்.”

“மறுபடியும் பௌதிகமா? நேத்துச் சாயந்தரமே கம்பி போட்டாச்சு. வளைஞ்சிருக்கா, பாருங்க.”

ஒற்றைக் கண்ணை மூடி, தலைப்பக்கமிருந்து கழுத்து நெடுகப் பார்த்தேன். மயிரிழை வளைவு. “லேசா” என்றேன். “அது ஒங்க கண்ணு” என்றார். வண்டி வந்துவிட்டது. ஜோசப் டிரம்மை ஏற்றத் தொடங்கிவிட்டான்.

ஏழு மணிக்கு மேடை. முன்வரிசை நாற்காலியில், கையில் விசிறியோடு மெட்ராஸ்காரர். முதல் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது பாட்டுக்குள் பந்தல் விளக்குகளின் சூடு முதுகில் இறங்கியது. மூன்றாவதில் கம்பிகள் விரலை விட்டு மேலே எழும்ப ஆரம்பித்தன. கழுத்து முன்பக்கமாக வளைந்துகொண்டிருந்தது. வளைய வளைய, அழுத்தாமல் மீட்டுகிற கம்பி சுருதி இறங்கும். அழுத்தி வாசிக்கிற சுரமோ ஏறும். இறங்கியதை ஏற்ற முறுக்கினால் இழுப்பு கூடி இன்னும் வளையும். எந்தப் பக்கம் போனாலும் அடைப்பு. பாட்டுக்குப் பாட்டு நான் கீழ்ச் சுரங்களுக்குள் ஒதுங்கினேன். அங்கேயும் விரலைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து ஏமாற்றிப் பார்த்தேன். இடது கை விரல்களில் தோல் உரிந்தது. ஜோசப் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அடியைக் கனமாக்கி என்னை மூடப் பார்த்தான். அந்த நன்றி எனக்கு உண்டு ஜோசப். மெட்ராஸ்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பாட்டு முடிந்தது. அண்ணாச்சி மைக்கை எடுத்தார். டிரம், தபேலா, ஆர்மோனியம், புல்லாங்குழல். நான் கம்பியைத் துடைக்கத் துணியை எடுத்தேன். “பேஸ் கிடார்” என்றார். ஐந்து வருடத்தில் முதல் தடவை. என் முழுப் பெயரையும் இனிஷியலோடு, பட்டத்தோடு, ஊரோடு சேர்த்து அவ்வளவு பெரிய பந்தலுக்கும் சொன்னார். எழுந்து கும்பிட்டேன். மெட்ராஸ்காரர் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அத்தனை அபசுரமும் யாருடையது என்று அவருக்குக் குழப்பமே இருக்கக் கூடாது என்பது போல இருந்தது. மரியாதையாகத்தான் செய்தார் என்று ஜோசப் இன்றும் வாதாடுகிறான். இருக்கலாம்.

பந்தி நடக்கிற கொட்டகை வாசலில் மெட்ராஸ்காரர் அண்ணாச்சியை நிறுத்தினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

“எல்லாம் நன்னா இருந்தது. பேஸ்தான் சேரவே இல்லையே, என்ன விஷயம்?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். ‘நெக்கை நான்தான் சீவச் சொன்னேன், அது வளைஞ்சிருச்சு.’ அவ்வளவுதான். அவருக்கு அதனால் ஒரு மூடை வத்தல்கூட நஷ்டமில்லை.

“தம்பி கொஞ்சம் பயந்துட்டாரு” என்றார்.

“போகட்டும், சின்ன வயசு” என்று மெட்ராஸ்காரர் கை கழுவப் போனார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு.

நீயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாத்தியத்தின் மேல் பழி போடுகிற வாத்தியக்காரனை உலகத்தில் எவனும் நம்புவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சீவச் சொன்னவர். அன்றில்லாவிட்டால் மறுநாள் சொல்வார், மறுநாள் இல்லாவிட்டால் ஒரு கடிதம் மெட்ராஸுக்குப் போடுவார் என்று பார்த்தேன். கிட்டங்கிப் பக்கம் அதன் பிறகு போகவில்லை.

ஒரு வருடம் கழிந்திருக்கும். அருப்புக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் என் ஆபீஸ் வாசலில் சாக்குச் சுற்றிய நீளக் கட்டை ஒன்றை இறக்கினார். “அண்ணாச்சி குடுக்கச் சொன்னாக. கேட்டா ஒண்ணும் சொல்ல வேண்டாம்னாக.” சாக்கைப் பிரித்ததும் எனக்குத் தும்மல் வந்தது. உள்ளே ஒரு கழுத்து. புதிது. வேங்கை. உடம்பு இல்லை, கம்பி இல்லை, கழுத்து மட்டும். இடது கையில் பிடித்தேன். பெருவிரல் தேடாமல் போய் உட்கார்ந்தது. முதல் ஆணியில் தொங்கிய உலக்கையின் ஈய வளைவை எடுத்து, அதே கனத்தில், அதே முதுகோடு, ஆசாரியிடம் செய்ய வைத்திருக்கிறார். மண்வெட்டிக் காம்பில் பழகின கைக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது.

அதன் பிறகு திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பலமுறை அவரைப் பார்த்தேன். “என்ன ஆபீசரே, ஒங்க பக்கம் மழை உண்டா?” என்பார். “இல்ல அண்ணாச்சி” என்பேன். ஒவ்வொரு முறையும் நின்று கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொள்வார். பஸ் வந்துவிடும். கழுத்தைப் பஸ்ஸில் போட்டு அனுப்பலாம். அந்த வார்த்தையை அப்படி அனுப்ப முடியாது. அதை அவரேதான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கழுத்துதான். பீரோவுக்குப் பின்னால் சுவரோரம் நிற்கிறது. அதற்கு ஓர் உடம்பு செய்து மாட்டச் சொல்லி என் மனைவி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். மாட்டவில்லை. தூக்கி எறியவும் இல்லை. பீரோவில் எதையாவது எடுக்கப் போனால் இடது கை தானாகப் பின்னால் போய் அதைப் பிடித்துப் பார்க்கிறது. ஒன்பது கோடை பார்த்துவிட்டது. இழுக்கக் கம்பி இல்லாததால் அது வளையவில்லை.

ஜோசப், இதை உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். திருத்தாமல் போடு, அல்லது போடாமல் விட்டுவிடு. அடியில் பெயர் இருக்காது. பயந்து ஒளிகிறேன் என்று நினைக்காதே. படிக்கிற உங்கள் எல்லோருக்கும் இது யாரென்று தெரியும். அவர் என் பெயரைத் தம் வாயால் ஒரே ஒரு மாலை சொன்னார். அவர் பெயருக்குப் பக்கத்தில் அது இன்னொரு முறை வருவதில் எனக்கு இஷ்டமில்லை. மலரில் மற்றவர்கள் எல்லோரும் அவர் மேடையில் கூப்பிடுகிற வரிசையிலேயே பெயரோடு நிற்கட்டும். டிரம், தபேலா, ஆர்மோனியம், புல்லாங்குழல். பேஸ் இருக்கிற இடத்தில் பெயர் வேண்டாம். இல்லாமல் போனால்தான் தெரியும் என்றாரே, தெரியட்டும். காலையில் ஆபீஸ் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.